உருவி விட்டால் முதுகு நிமிருமா?

கேள்வி: என் மகளுக்கு 12 வயது, இன்னும் வயதுக்கு வரவில்லை. ஒரு தோள் உயர்ந்து தெரிந்ததால் எக்ஸ்ரே எடுத்தோம். முதுகுத்தண்டு 28 டிகிரி வளைந்திருக்கிறதாம். மருத்துவர் பிரேஸ் (உடலை அணைத்துப் பிடிக்கும் முதுகுக் கவசம்) போடச் சொல்கிறார். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒருவர், வாரம் ஒரு மணி நேரம் வீதம் 20 முறை கையால் அழுத்தி உருவினால் நேராகிவிடும், பிரேஸே வேண்டாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகி, செந்தூல்

பதில்: மருத்துவர் சொல்வதை. அதுவும் உடனே.

இந்த வளைவில் முதுகெலும்புகள் பக்கவாட்டில் சாய்வதோடு முறுக்கிக்கொண்டும் நிற்கின்றன. வளைவின் உட்பக்கம் அழுத்தம் அதிகம் என்பதால் அந்தப் பக்கம் எலும்பு மெதுவாக வளர்ந்து, ஆப்பு போலாகிறது. வாரம் ஒரு மணி நேரம் தசையை உருவி இதை மாற்ற முடியாது. வயதுக்கு வருவதற்கு முந்தைய மாதங்களில்தான் பெண் பிள்ளைகள் வேகமாக வளர்வார்கள். வளைவு கூடுவதும் அப்போதுதான். அந்த 20 வாரங்களை இழந்தால் திரும்பக் கிடைக்காது.

பிரேஸுக்கு ஆதாரம் இருக்கிறது. 2013இல் வெளியான அமெரிக்க, கனடிய ஆய்வில், பிரேஸ் அணிந்தவர்களில் 72 சதவீதத்தினருக்கு வளைவு, அறுவை சிகிச்சை வரை போகக்கூடிய 50 டிகிரியை எட்டாமல் நின்றது; அணியாதவர்களில் 48 சதவீதம்தான். நாளுக்கு சுமார் 13 மணி நேரத்துக்கு மேல் அணிந்தவர்களில் அது 90 சதவீதத்தைத் தாண்டியது. பையில் வைத்த பிரேஸ் பலன் தராது. நம் ஊர்ப் புழுக்கத்துக்கு உள்ளே தையலில்லாத பருத்தி பனியன் போடுங்கள், நனைந்தால் மாற்றுங்கள். கழற்றி அரை மணி நேரமாகியும் தோல் சிவப்பு மாறாவிட்டால் பிரேஸைச் செய்தவரிடம் காட்டித் திருத்த வேண்டும்.

கைச் சிகிச்சை வேண்டாம் என்றில்லை. தகுதி பெற்ற பிசியோதெரபிஸ்ட், இறுகிய தசைகளையும் விலா மூட்டுகளையும் தளர்த்தினால் வலி குறையும், முதுகு வளைவுக்கென்றே உள்ள ஷ்ரோத் மூச்சுப் பயிற்சியும் எளிதாக வரும். அது துணை மட்டுமே. முதுகில் 'படக்' என்று சொடுக்கெடுக்க விடாதீர்கள்.

"28 டிகிரி 24 ஆனது" என்று யாராவது படம் காட்டினால், நின்றபடி எடுத்ததா என்று கேளுங்கள். படுத்தால் வளைவு தானாகவே குறைந்து தெரியும். நின்று எடுத்தாலும் அளப்பதில் 5 டிகிரி வரை வேறுபாடு வரலாம்.

இரவில் விழிக்க வைக்கும் வலி, கால் பலவீனம், சிறுநீர் கட்டுப்பாடு இழப்பு இருந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். மற்றபடி, பிரேஸ் போட்ட சில வாரங்களில் அதை அணிந்தபடியே ஒரு எக்ஸ்ரே எடுத்து எவ்வளவு நிமிர்ந்திருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.