எங்கள் கத்தோலிக்கப் பங்கில் இளைஞர்கள் எதிலும் முன்வருவதில்லை. அவர்களைத் திருச்சபையில் ஈடுபட வைப்பது எப்படி?

கேள்வியைப் படித்தால் நீங்கள் பங்குப் பேரவையிலோ (சாமியாருக்கு ஆலோசனை சொல்கிற குழு) அன்பியப் பொறுப்பிலோ (பங்குக்குள் சில குடும்பங்கள் சேர்ந்த சிறு குழு) இருப்பவர் என்று தோன்றுகிறது. இளவட்டம் யாரும் இப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். அவர்கள் கேட்டிருந்தால், "எங்களை ஏன் எதிலும் சேர்த்துக்கொள்வதில்லை" என்று வந்திருக்கும். குறையாகச் சொல்லவில்லை, நானும் உங்கள் பக்கத்து ஆள்தான். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமப் பங்கில் (ஒரு கோவிலைச் சேர்ந்த மக்கள்தான் பங்கு), உறுதிபூசுதல் (ஞானஸ்நானம் பெற்றவர்களை விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் சடங்கு) வாங்கி முடித்த பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி எடுக்கிறேன். (ஊர்ப் பெயர் வேண்டாம். சொந்தக்காரர்கள் பாதிப் பேர் இந்தத் தளத்தில் இருக்கிறார்கள்.) உறுதிபூசுதலைக் கோவிலுக்குப் பிரியாவிடை என்று எங்களூரில் கேலி செய்வார்கள். ஆயர் (பிஷப்) வந்து நெற்றியில் எண்ணெய் பூசிவிட்டுப் போன மறுவாரமே வகுப்பில் பாதி காலி. மிச்சம் இருப்பவர்களை வைத்து வகுப்பு நடத்துவதுதான் என் வேலை. அதனால்தான் இந்தக் கேள்வி சுருக்கென்று பட்டது.

"எதிலும் முன்வருவதில்லை" என்கிறீர்களே, திருவிழாவுக்குக் கோபுரத்தில் ஏறி சீரியல் பல்பு கட்டுவது யார்? சப்பரத்துக்குத் தோள் கொடுப்பது யார்? அசனம் (கோவில் விருந்து) முடிந்த பிறகு அண்டா கழுவுவது? பீடத்துக்குப் பூ வைப்பது, கோவில் கூட்டுவது, பாட்டுப் படிப்பது? உங்கள் பங்கிலும் இளைஞர்களாகத்தான் இருக்கும். உடம்பு நோகிற வேலைக்கெல்லாம் கூப்பிடுகிறோம், வருகிறார்கள். திருவிழா வரவு செலவு பார்க்கிற மேசைக்கு மட்டும் கூப்பிடுவதில்லை. கூப்பிடாத இடத்துக்கு அவர்கள் வருவதும் இல்லை.

இந்த எரிச்சல் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. பெண் பிள்ளைகளும் பீடத்தில் உதவலாம், அந்தந்த ஆயர் அனுமதித்தால் போதும் என்று ரோமை 1994-லேயே சொல்லிவிட்டது. எங்கள் ஊருக்கு அந்தச் செய்தி வந்து சேர வெகுகாலம் ஆனது. அண்ணன் தூபக்கலசம் ஆட்டுவான், நான் பூச்சாடிக்குத் தண்ணீர் மாற்றுவேன். வாசகர், பீடத்துணைவர் பணிகளைப் பெண்களுக்கும் முறைப்படி தரலாம் என்று 2021 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் சட்டத்தையே திருத்தினார். அன்றைக்கு வீட்டில் பாயசம் வைத்தேன். எதற்கு என்று கேட்ட என் வீட்டுக்காரருக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

சரி, இளைஞர்களுக்கு வருவோம். வழக்கமாக என்ன வைத்தியம் பார்க்கிறோம்? இளைஞர் ஞாயிறு என்று ஒரு நாள், எல்லோருக்கும் ஒரே நிறத்தில் டி-சர்ட், ஒரு கிரிக்கெட் போட்டி, வெளியூரிலிருந்து வந்து கைதட்ட வைத்துவிட்டுப் போகிற ஒரு பேச்சாளர். இப்போது புதிதாகக் கார்லோ அகுதிஸ் படம். 2006-ல் 15 வயதில் இறந்துபோன அந்தப் பையனை 2025 செப்டம்பரில் புனிதராக அறிவித்தார்கள். பிள்ளைகளுக்கு அவரைப் பிடித்திருக்கிறது, எனக்கும்தான். ஆனால் அவர் செய்த வேலை என்ன? நற்கருணை அற்புதங்களைத் தேடித் திரட்டி ஒரு இணையதளம் உண்டாக்கினார். எங்கள் பங்கு அலுவலகக் கணினியை ஒரு பையன் தொட்டால், "ஏல, கெடுத்துராத" என்று உள்ளே இருந்து சத்தம் வரும்.

இளைஞர்களுக்காகவே 2018 அக்டோபரில் ரோமையில் ஆயர் மாமன்றம் கூடி, அதை வைத்து 2019 மார்ச்சில் திருத்தந்தை பிரான்சிஸ் 'கிறிஸ்து வாழ்கிறார்' என்ற மடலை எழுதினார். இளைஞர்கள் ஏன் விலகுகிறார்கள் என்பதற்கு அதில் அவர் தரும் காரணங்களைப் பாருங்கள். பாலியல், பண ஊழல்கள். இளைஞர்களின் மனதைத் தொட்டுப் பழகத் தெரியாத குருக்கள். தயாரிக்காமல் வைக்கிற பிரசங்கம். அதே வரிசையில் இன்னொன்று, இளைஞர்களைச் சும்மா உட்கார்ந்து வாங்கிக்கொள்கிறவர்களாக மட்டும் நாம் வைத்திருப்பது. இளைஞர் பணியை இளைஞர்களே நடத்த வேண்டும், பெரியவர்கள் கூட நடக்கலாம், ஆனால் புது வழிகளைத் தைரியமாகத் தேட அவர்களை விட வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. எங்கள் பங்கில் இந்த மடலை வைத்து ஒரு கருத்தரங்கு நடந்தது. பேசியவர்கள் எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். இளைஞர்கள் நாற்காலி போட்டார்கள்.

இப்போது எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். பதில் இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முன்னால் கல்லறைத் தோட்டத்தைச் சுத்தம் செய்ய இளைஞர்களைக் கூப்பிடுவது வழக்கம். சீமைக்கருவேலம் வெட்டவும் சுண்ணாம்பு அடிக்கவும்தான். அந்த வருஷம் பன்னிரண்டாம் வகுப்புப் பையன் ஒருத்தன் மண்வெட்டியை ஊன்றி நின்றுகொண்டு, "டீச்சர், இது யாரு குழி? யாரையோ மிதிச்சிக்கிட்டு நிக்கோம், பேராவது தெரிய வேண்டாமா?" என்றான். எனக்குத் தெரியவில்லை. அங்கே நின்ற பெரியவர்களுக்கும் தெரியவில்லை.

அப்போதிருந்த பங்குச்சாமியார் (இப்போது மாற்றலாகிப் போய்விட்டார்) இதைக் கேட்டுவிட்டு, "நீங்களே ஒரு பட்டியல் போடுங்களேன்" என்றார். அடக்கம் முடிந்ததும் இறந்தோர் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது. அதனால் ஏடுகள் இருந்தன, அலமாரிக்குள் பூட்டி. ஏடு அலுவலகத்தை விட்டு வெளியே போகக்கூடாது, பக்கங்களைப் படம் பிடித்து வாட்ஸாப்பில் போடக்கூடாது என்று இரண்டே நிபந்தனை வைத்து, அலமாரிச் சாவியைப் பிள்ளைகளிடம் கொடுத்தார். நோட்டு, பேனா, ஜெராக்ஸ் செலவுக்குக் கொஞ்சம் பணமும் கொடுத்து, கணக்கை நீங்களே எழுதிக் காட்டுங்கள் என்றார். பேரவையில் ஒருவர், "சாவியைச் சின்னப்பயல்கள் கையில் கொடுப்பதா" என்று குதித்தார். சாமியார் சிரித்துக்கொண்டே, "தொலைந்தால் நான் பொறுப்பு" என்று முடித்துவிட்டார்.

அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைகளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பழைய ஏடுகள் லத்தீனில் இருந்தன. இரண்டு பெண் பிள்ளைகள் போனில் ஒவ்வொரு வார்த்தையாகத் தேடிப் படித்தார்கள். இக்னாத்தியுஸ் என்று எழுதியிருப்பது நம்ம இஞ்ஞாசிமுத்து என்று கண்டுபிடித்த அன்றைக்கு ஒரே கூச்சல். ஒரு பக்கத்தில் ஒரே மாதத்தில் வரிசையாகக் குழந்தைகள் பெயர். காலரா வந்த வருஷமாக இருக்கும் என்று உபதேசியார் தாத்தா சொன்னார். பாலிடெக்னிக் படிக்கிற பையன்கள் கயிறு பிடித்து அளந்து தோட்டத்துக்கு வரைபடம் போட்டார்கள். மற்றவர்கள் வீடு வீடாகப் போய்க் கிழவிகளிடம் உட்கார்ந்து, எந்தக் குழியில் யார் என்று கேட்டு எழுதினார்கள். ஞாயிறு பூசைக்கு வாசலில் நின்றுவிட்டுப் போகிற ஒருத்தன் தினமும் சாயங்காலம் அலுவலகத்துக்கு வந்தான். ஒருநாள், "ஆச்சி சொன்ன ஆள் ஏட்டுல இல்ல டீச்சர், அவரு செத்தது பொய்யா?" என்று சண்டைக்கு வந்தான்.

பட்டியலும் வரைபடமும் சேர்ந்தபோதுதான் சிக்கல். கல்லறையில் சாதி என்றதும், சாதி பார்த்துக் குழிகளைப் பிரிக்கிற திருச்சி மேலப்புதூர் கல்லறைச் சுவர் உங்களுக்கு ஞாபகம் வரலாம். எங்களூரில் சுவர் கிடையாது, வரப்புதான், முழங்கால் உயரம்கூட வராது. கிழக்கே யார், மேற்கே யார் என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் பளிங்கு பதித்த கல்லறைகள். இன்னொரு பக்கம் பெரும்பாலும் மண்மேடு, மக்கிப்போன சிலுவை. வருஷா வருஷம் கல்லறைகளை மந்திரிக்கும்போது (ஆசீர்வதிக்கும்போது) சாமியாரை ஒரு பக்கம் குழி குழியாகக் கூட்டிக்கொண்டு போவார்கள். மறுபக்கத்துக்கு வரப்பில் நின்று தீர்த்தம் தெளிப்பதோடு சரி. இதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறோம், கண்ணுக்குப் பழகிவிட்டது. பிள்ளைகள் தாளில் வரைந்து நீட்டியபோது பார்க்க முடியவில்லை.

அவர்கள் கேட்டது இரண்டுதான். எல்லாப் பெயரையும் அகரவரிசையில் ஒரே பட்டியலாக வாசிக்க வேண்டும். சாமியார் இரண்டு பக்கமும் நடக்க வேண்டும். பேரவைக் கூட்டத்துக்கு நானும் கூடப் போனேன். பழைய வழக்கம், ஊர் ஒற்றுமை கெடும், படிக்கிற வயசில் இது எதற்கு என்று எல்லாம் வந்தது. ஒரு கல்லூரிப் பெண் எழுந்து, "தேவசகாயம் எல்லா சாதிக்காரங்க கூடவும் உக்காந்து சாப்பிட்டாருன்னு டீச்சர் சொல்லிக் கொடுத்தாங்க. ரோமையில பட்டம் கொடுக்கும்போது அவர் பேர்ல சாதியே இல்ல. நாம மட்டும் ஏன் செத்தவங்களுக்கு வச்சிருக்கோம்?" என்றாள். 1752-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயத்தை 2022 மே 15-ல் புனிதராக்கியபோது, எங்களூரில் அலங்கார வளைவு வைத்துப் பட்டாசு வெடித்தவர்கள்தான் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். "படிச்ச திமிரு" என்று ஒருவர் சொன்னார். வேறு பதில் வரவில்லை.

கையெண்ணிப் பார்த்தால் பெரும்பான்மை வேண்டாம் என்றே இருந்தது. பங்குப் பேரவைக்கு ஆலோசனை சொல்லும் உரிமை மட்டும்தான் என்று திருச்சபைச் சட்டத்தில் 536-ம் பிரிவு சொல்கிறது. எங்களைப் போன்றவர்கள் வாயை அடைக்கவே அதைக் காட்டி நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அந்தச் சாமியார் அதே பிரிவை எடுத்துச் சொல்லி, "ஆலோசனைக்கு நன்றி. பட்டியல் ஒன்றுதான்" என்றார். கல்லறைத் திருநாளன்று பிள்ளைகளே மாறி மாறிப் பெயர் வாசித்தார்கள். இருட்டும்வரை வாசித்தார்கள். சில குடும்பங்கள் பாதியிலேயே எழுந்து போனார்கள், சிலர் அந்த வருஷம் கோவில் வரி கொடுக்கவில்லை. வரப்பு இன்னும் இருக்கிறது. ஆனால் பட்டியலை அடுத்து வந்த சாமியாரும் மாற்றவில்லை.

சாதியைக் கிளப்பிவிட்டுக் கூட்டம் சேர்த்தாள் என்று கீழே எழுதப்போகிறவர்களுக்கு: கிளப்பியது நானில்லை, கல்லறையில் ஏற்கெனவே அது இருந்தது. செபம், பக்தி எங்கே, திருச்சபை தொண்டு நிறுவனமா என்று வருபவர்களுக்கு: திருச்சபை வெறும் தொண்டு நிறுவனமாகிவிடக் கூடாது என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2013-ல் தன் முதல் மறையுரையிலேயே சொன்னார், தெரியும். இறந்தவர்களைப் பெயர் சொல்லி வேண்டுவது செபம் இல்லாமல் வேறென்ன? பத்து மணிக்குள் எழாத பையன்கள் அந்த நவம்பர் முழுக்கக் காலைப் பூசைக்கு வந்தார்கள். டிசம்பரில் பலர் நின்றுவிட்டார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒருத்தன் பெந்தெகொஸ்தே சபைக்கே போய்விட்டான். ஒரு பெண் இன்றைக்கும் ஞாயிறு வாசகம் வாசிக்கிறாள், என்னைவிட நன்றாக.

நான் சாமியார்களுக்கு எதிரி இல்லை. என் தம்பி குருமடத்தில் படித்தவன். ஆனால் இதை எங்காவது சொல்லியாக வேண்டும்: திருவிழாப் பூசை முடிந்ததும் இந்தப் பொன்னாடை போர்த்துவதை யாராவது நிறுத்துங்கள். உச்சி வெயிலில் தகரப் பந்தலுக்குக் கீழே கைக்குழந்தையோடு நிற்கிறோம். சிறப்பு விருந்தினருக்கு ஒன்று, பந்தல் போட்டவருக்கு ஒன்று, மைக் செட்டுக்காரருக்கு ஒன்று, போர்த்துகிறவருக்கே கடைசியில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் போட்டோ. நற்கருணை வாங்கிய பிறகு அமைதியாக இருங்கள் என்று அதே மைக்கில்தான் கொஞ்சம் முன்னால் சொன்னார்கள். அந்தச் சால்வைகளை வைத்து என்ன செய்வார்கள் என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். கல்லறையில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. உங்கள் ஊரில் எது பூட்டிக் கிடக்கிறதோ அதன் சாவியைக் கொடுங்கள். பங்கு நூலகம், மண்டபம், ஏழைகளுக்கான வின்சென்ட் தே பவுல் சபைக் கணக்கு, எதுவானாலும் சரி. சின்ன வேலையாக இருக்கட்டும், ஆனால் உண்மையான வேலையாக, கெட்டுப்போனால் ஊர் கவனிக்கிற வேலையாக இருக்கட்டும். ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதில் முப்பதுக்குள் ஒருவரையாவது உட்கார வையுங்கள். அவர் கேட்கிற கேள்வி உறுத்தினால் பரவாயில்லை. தன் கருத்தை மேய்ப்பர்களிடம் சொல்வது பொதுநிலையினரின் உரிமை, சில நேரம் கடமையும்கூட என்று 212-ம் பிரிவு சொல்கிறது. வகுப்பில் நான் முதலில் சொல்லிக் கொடுப்பது அதைத்தான்.

இன்னொன்று, வெளியூரில் இருப்பவர்களை எண்ணிக்கையிலிருந்து கழித்துவிடாதீர்கள். எங்கள் பிள்ளைகளில் முக்கால்வாசி சென்னை, திருப்பூர், வளைகுடா என்று போய்விட்டார்கள். ஊருக்கு வந்து பங்கு அலுவலகத்தில் ஏறுவது கல்யாண ஓலை (கோவிலில் திருமண அறிவிப்பு) வாசிக்கச் சொல்லத்தான். அங்கே நாம் முதலில் எடுத்து நீட்டுவது வரி பாக்கி நோட்டை. எங்கள் இறந்தோர் பட்டியலைக் கணினியில் வைத்துப் பார்த்துக்கொள்வது ஓசூரில் வேலை செய்கிற அந்த மண்வெட்டிப் பையன்தான். ஊரில் யார் இறந்தாலும் அவனுக்கு ஒரு மெசேஜ் போடுவேன். அன்றைக்கு ராத்திரியே பெயரைச் சேர்த்துவிட்டு, "வீட்டுப் பேரு சரிதானா டீச்சர்?" என்று திருப்பிக் கேட்பான்.