நெவர்மைன்ட் சிடியில் மறைந்திருக்கும் பாட்டு இல்லை, போலியா? – பதில்

பழைய கடையில் வாங்கிய, அமெரிக்க ராக் இசைக்குழு நிர்வாணாவின் நெவர்மைன்ட் ஆல்பம் சிடியில் 12ஆவது பாட்டு நாலு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது, அட்டையில் பெயர் போடாமல் கடைசியில் மறைந்திருக்கும் பாட்டைக் காணோம், போலியோ என்று கேட்டிருந்தீர்கள். அதை மட்டும் வைத்துப் போலி என்று சொல்லிவிட முடியாது. 1991 செப்டம்பரில் வந்த முதல் அச்சுப் பிரதிகளில் அந்தப் பாட்டு கிடையாது. மாஸ்டரிங், அதாவது அச்சுக்குப் போகும் முன் ஒலிப்பதிவைக் கடைசியாகச் சரிசெய்து தொகுக்கும் வேலை, செய்தபோது தவறுதலாக விட்டுப்போனது. பிறகுதான் சேர்த்தார்கள்.

சேர்த்த பிரதி என்றால் பிளேயரில் கடைசிப் பாட்டின் நீளம் 20 நிமிடம் போலக் காட்டும். 12ஆவது பாட்டான 'சம்திங் இன் த வே' முடிந்து ஏறக்குறைய பத்து நிமிட மௌனம், அப்புறம் அந்த மறைந்திருக்கும் பாட்டு, 'எண்ட்லெஸ், நேம்லெஸ்'. இதே ஆல்பத்தின் 'லித்தியம்' பாட்டு ஒலிப்பதிவில் சரியாக அமையாத எரிச்சலில் வாசித்துத் தள்ளியது அது. குழுவின் பாடகர் கர்ட் கோபேன் வாசிக்கும்போதே கிட்டாரை உடைத்துவிட்டார். உண்மையைச் சொன்னால், பாட்டு என்பதைவிட இரைச்சல்தான் அதிகம். எனக்குப் பிடிக்கும், எல்லாருக்கும் பிடிக்காது.

சந்தேகம் தீரவில்லையா? சிடியின் பளபளப்பான பக்கத்தில், நடு வளையத்தை ஒட்டிப் பொறித்திருக்கும் எண்ணைப் படம் எடுத்துப் போடுங்கள். அட்டையின் அச்சு மங்கலாக இருக்கிறதா என்றும் பாருங்கள். அதற்குள் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.