டிஸ்ட்ரோஃபின் இல்லை என்கிறார்கள். புரத உணவு கொடுத்தால் கூடுமா?

கேள்வியின் சுருக்கம் இது: அக்கா மகனுக்கு 5 வயது. அடிக்கடி விழுகிறான். மரபணுச் சோதனையில் "எக்ஸான் 48 முதல் 50 வரை இல்லை" என்று வந்திருக்கிறது. டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் உருவாகாததால் தசைச்சிதைவு என்றார்களாம். அப்படியானால் முட்டை, பருப்பு, புரதப் பொடி என்று கூடுதலாகக் கொடுத்து ஈடுகட்ட முடியாதா?

முடியாது. வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிடுகிறேன். "தசைக்குப் புரதம்" என்று டப்பாக்களைத் தலையில் கட்டுகிறவர்கள் இப்படி நிலைகுலைந்து நிற்கும் குடும்பங்களைத்தான் தேடி வருகிறார்கள்.

எந்தப் புரதத்தைச் சாப்பிட்டாலும் அது குடலில் அமினோ அமிலங்களாக உடைந்துதான் ரத்தத்தில் சேரும். டிஸ்ட்ரோஃபின் என்பது 3,685 அமினோ அமிலங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த நீளமான சரம். கோப்பதற்கான சரக்கு பையன் உடம்பில் ஏற்கெனவே போதிய அளவு இருக்கிறது. எந்த வரிசையில் கோப்பது என்ற செய்திதான் பிசகியிருக்கிறது. வயதுக்கு ஏற்ற சாதாரணச் சாப்பாடு போதும். அதற்கு மேல் ஊட்டினால் எடைதான் ஏறும். பலவீனமான தொடைகள் சுமக்க வேண்டிய ஒவ்வொரு கிலோவும் அவன் நடக்கும் காலத்தைத்தான் குறைக்கும்.

இந்தப் புரதத்துக்கு என்ன வேலை? தசை செல்லுக்குள் இழுத்துச் சுருங்கும் இழைகளின் பக்கம் ஒரு முனை ஆக்டினைப் பிடித்துக்கொண்டிருக்கும். மறுமுனை செல்லின் மேலுறையில் இருக்கும் டிஸ்ட்ரோகிளைக்கனைப் பிடித்திருக்கும். டிஸ்ட்ரோகிளைக்கன் வெளியே, செல்லைச் சுற்றியுள்ள வலையிலிருக்கும் லாமினின் என்ற புரதத்தோடு சேர்ந்திருக்கும். நடுவில் 24 சிறு மடிப்புகள், இடையிடையே வளைந்துகொடுக்கும் 4 கீல்கள். படகு ஆடும்போது முளையும் பிய்யாமல் பலகையும் பிய்யாமல் கொஞ்சம் இழுபட்டு வாங்கிக்கொள்ளும் கயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தத் தசைப் புரதத்தில் இது ஏறக்குறைய 0.002 சதவீதம்தான். ஆனால் அந்தக் கயிறு இல்லாவிட்டால் ஒவ்வொரு சுருக்கத்திலும் மேலுறை கிழியும். கால்சியம் உள்ளே புகும், சிபிகே என்ற நொதி வெளியே கசியும். உடம்பு பழுதுபார்த்துக்கொண்டே வரும். பழுதுபார்க்கும் செல்கள் சளைத்த பிறகு அந்த இடத்தில் கொழுப்பும் நாரும் நிரம்பும். கெண்டைக்கால் பருத்து உருண்டையாகத் தெரிவது பெரும்பாலும் இதனால்தான். "நல்ல கால்" என்று பாட்டிமார் மெச்சும் அந்தக் கால் பலத்துக்கு அடையாளமில்லை.

தசை நீண்டுகொண்டே பாரம் தாங்கும் வேலைதான் மிக மோசமாகக் கிழிக்கும். படியேறுவதைவிடப் படியிறங்குவது கெடுதல். மேட்டிலிருந்து குதிப்பதும் அப்படியே. எடை தூக்கும் பயிற்சி கூடாது. தண்ணீரில் நீந்துவது நல்லது.

இப்போது உங்கள் கையில் இருக்கும் அறிக்கைக்கு வருவோம். அதில் உண்மையில் முக்கியமான வரி அந்த எக்ஸான் எண்கள்தான். டிஎம்டி என்ற இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. நீளம் 20 லட்சம் எழுத்துகளுக்கும் மேல், ஆனால் புரதத்துக்கான செய்தி 79 எக்ஸான் துண்டுகளில்தான் இருக்கிறது. செல் அந்தச் செய்தியை மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும். "அந்த மரம் நல்ல பழம் தரும்" என்ற வரியைப் பாருங்கள், எல்லாமே மூன்றெழுத்துச் சொற்கள். "நல்ல" என்ற சொல்லை முழுசாக எடுத்துவிட்டால் "அந்த மரம் பழம் தரும்". குறை இருக்கிறது, பொருள் இருக்கிறது. "மரம்" என்பதில் முதல் எழுத்தை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி மூன்று மூன்றாகப் படியுங்கள்: "அந்த ரம்ந ல்லப ழம்த ரும்". போனது ஒரே எழுத்து, அதற்குப் பின்னால் எல்லாம் உளறல். செல்லிலும் இதேதான். உளறல் தொடங்கிய சிறிது தூரத்தில் "நிறுத்து" என்ற குறி வந்துவிடும். புரதம் பாதியில் நின்றுபோகும், மேலுறையைப் பிடிக்க வேண்டிய முனையே உருவாகாது.

எக்ஸான் 48-இல் 186 எழுத்து, 49-இல் 102, 50-இல் 109. கூட்டினால் 397. மூன்றால் வகுத்தால் மீதி 1. வரிசை பிசகிவிட்டது, அதனால்தான் டூஷென் எனப்படும் தீவிர வகை என்கிறார்கள். இன்னொரு பையனுக்கு 45 மட்டும் இல்லை என்று வையுங்கள்: 176 எழுத்து, வகுபடாது, அதுவும் டூஷென். ஆனால் 45, 46, 47 மூன்றும் இல்லாதவனுக்கு 176, 148, 150 சேர்ந்து 474, மீதமில்லாமல் வகுபடும். அவனுக்குக் குட்டையான, ஆனால் வேலை செய்யும் டிஸ்ட்ரோஃபின் கிடைக்கும். அது பெரும்பாலும் பெக்கர் எனப்படும் மிதமான வகையாக இருக்கும். எவ்வளவு போனது என்பதைவிட வகுபடுகிறதா என்பதே கணக்கு. புரதத்துக்கான செய்தியில் கிட்டத்தட்ட பாதி, 46 சதவீதம், இல்லாமல் 61 வயதில் நடந்துகொண்டிருந்த ஒருவரைப் பற்றி 1990-இல் எழுதியிருக்கிறார்கள். "எப்போதுமே அப்படி இல்லையே" என்று யாராவது கருத்திடுவதற்கு முன் நானே சொல்கிறேன்: இந்த விதி பத்தில் ஒன்பது பேருக்குத்தான் பொருந்தும். 3 முதல் 7 வரை இல்லாதவர்களில் வகுபடாவிட்டாலும் மிதமாக இருப்பவர்கள் உண்டு. அறிக்கையை வைத்து மட்டும் ஆயுளைக் கணிக்கச் சொல்லவில்லை. எம்எல்பிஏ என்ற, எக்ஸான்களை எண்ணிப் பார்க்கும் சோதனையில் ஒரே ஒரு எக்ஸான் மட்டும் இல்லை என்று வந்தால் வேறு முறையிலும் உறுதிசெய்யச் சொல்லுங்கள். அங்கே ஓர் எழுத்து மாறியிருந்தால்கூட எக்ஸானே இல்லாததுபோலக் காட்டும்.

கேட்காத ஒன்றையும் சொல்லியே ஆக வேண்டும். இந்தப் பையன்களில் பலருக்கு முதலில் கல்லீரல் நோய் என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். காய்ச்சலுக்கு ரத்தம் எடுப்பார்கள், கல்லீரல் சோதனையில் பார்க்கும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்ற நொதிகள் இரண்டும் 200, 300 என்று ஏறியிருக்கும். உடனே மஞ்சள்காமாலைச் சோதனை, கல்லீரல் டானிக், கீழாநெல்லி, சில இடங்களில் கல்லீரலில் ஊசி போட்டுச் சதை எடுப்பதுவரை போய்விடுகிறது. அந்த இரண்டு நொதிகளும் தசையிலும் இருப்பவை. கூடவே தசையிலிருந்து வராத ஜிஜிடி என்ற கல்லீரல் நொதியைப் பார்த்தால் அது சரியாக இருக்கும், சிபிகே பார்த்தால் 10,000-க்கு மேல் நிற்கும் (வழக்கமான அளவு 200-க்குள்). இரண்டே சோதனை, ஒரே நாள். அதைச் செய்யாமல் ஒரு குழந்தையின் ஒன்றரை, இரண்டு வருடத்தைத் தின்றுவிடுவதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. தரையிலிருந்து எழும்போது தொடையில் கை ஊன்றி ஏறும் பையனுக்கு எஸ்ஜிபிடி கூடியிருந்தால் சிபிகே கேளுங்கள். மருத்துவர்களைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், கேட்டால் எழுதிக்கொடுப்பார்கள்.

இனிச் செய்ய வேண்டியது. ஸ்டீராய்டு பற்றி நரம்பியல் மருத்துவர் பேசுவார்: பிரட்னிசலோன் தினமும் கிலோவுக்கு 0.75 மில்லிகிராம், அல்லது டெஃப்ளாசாகார்ட் 0.9. இருபது கிலோ பையனுக்கு 15 அல்லது 18 மில்லிகிராம், காலையில் சாப்பிட்ட பிறகு. நோயை நிறுத்தாது, நடக்கும் காலத்தை நீட்டும். ஆரம்பிப்பதற்கு முன் தட்டம்மை, சின்னம்மைத் தடுப்பூசிகள் முடிந்திருக்கிறதா என்று பாருங்கள், பிறகு உயிருள்ள கிருமித் தடுப்பூசி போடுவது சிக்கல். எடை, முதுகெலும்பு, கண்புரை மூன்றையும் கவனிக்க வேண்டும். முகம் ஊதுகிறது என்று யாரோ சொன்னதற்காக மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். உடம்பு தன் சொந்த ஹார்மோனைச் சுரப்பதை அதற்குள் குறைத்திருக்கும். வாந்தி எடுத்து மாத்திரை தங்காவிட்டால்கூட மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கணுக்காலை மடக்கி நீட்டும் பயிற்சி வாரத்தில் 4 முதல் 6 நாள், இரவில் கணுக்காலுக்கு அச்சுப்பட்டை. இதயத்துக்கு வருடம் ஒருமுறை எக்கோ. எக்கோ சரியாக இருந்தாலும் பத்து வயதுக்குள் இதயத்தைக் காக்கும் மாத்திரையைத் தொடங்குவதே இன்றைய வழக்கம்.

புது மருந்துகளைப் பற்றிக் கேட்பீர்கள். உங்கள் பையனின் 397-உடன் எக்ஸான் 51-இன் 233 எழுத்தையும் தாண்டவைத்தால் 630, வகுபட்டுவிடும். எடெப்லிர்சென் என்ற மருந்து செய்வது இதைத்தான். அமெரிக்காவில் 2016-இல் அனுமதி பெற்றது, வாரம் ஒருமுறை ஊசி. கணக்கு அழகாக இருக்கிறது, ஆனால் 180 வாரத்துக்குப் பிறகும் உருவான டிஸ்ட்ரோஃபின் சராசரியாக இயல்பு அளவில் 0.93 சதவீதம்தான். வீட்டை விற்று வாங்கலாமா என்று கேட்டால் வேண்டாம் என்பேன். 2023-இல் வந்த மரபணுச் சிகிச்சையில் வேறு சிக்கல். செய்தியைச் சுமக்கும் வைரஸில் 5,000 எழுத்துக்கும் குறைவாகத்தான் இடம். டிஸ்ட்ரோஃபினுக்கு 11,000 வேண்டும். வெட்டிச் சுருக்கிய குட்டி வடிவத்தையே ஏற்றுகிறார்கள். 2025-இல் நடக்க முடியாத நிலையிலிருந்த சிறுவர்கள் இருவர் கல்லீரல் செயலிழந்து இறந்ததையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

அடுத்தது உங்கள் அக்கா. "சொந்தத்தில் கட்டியதால்தான்" என்று யாராவது சொன்னால் வாயை அடையுங்கள். எக்ஸ் குரோமோசோம் வழி வரும் இந்த வகைக்கும் மாமன் மகனைக் கட்டியதற்கும் தொடர்பில்லை. (இடுப்புத் தசைகளைத் தாக்கும் வேறு சில வகைகளுக்குத் தொடர்பு உண்டு, அதோடு இதைக் குழப்புகிறார்கள்.) மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளுக்கு இந்தப் பிழை புதிதாகத் தோன்றியது, தாயிடம் இருக்காது. தாயின் ரத்தத்தையும் அதே எக்ஸான்களுக்குச் சோதிக்க வேண்டும். இருந்தால் ஒவ்வொரு மகனுக்கும் பாதி வாய்ப்பு. இல்லை என்று வந்தாலும் கருமுட்டைகள் சிலவற்றில் மட்டும் இருக்கலாம் என்பதால், அடுத்த கர்ப்பத்தில் 11 வாரத்துக்கு மேல் நஞ்சுக்கொடித் திசுச் சோதனை பற்றிக் கேளுங்கள். அக்காவிடம் பிழை இருந்தால் அவர் இதயத்துக்கும் எக்கோ பார்க்க வேண்டும், தங்கையாக நீங்களும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

ஒரு அட்டையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் இதை எழுதிப் பையனின் பள்ளிப் பையில் வையுங்கள்: "டூஷென் தசைச்சிதைவு. மயக்க மருந்து கொடுத்தால் சக்சினைல்கோலின் கூடாது, மூச்சில் இழுக்கும் மயக்க வாயு கூடாது. தினமும் ஸ்டீராய்டு எடுக்கிறான்." கடைசி வரியை மாத்திரை ஆரம்பித்த பிறகு சேர்த்தால் போதும். அறுவையின்போது தசையைத் தளர்த்தக் கொடுக்கும் மருந்தான சக்சினைல்கோலின் கொடுத்தால் கிழிந்த தசைகளிலிருந்து பொட்டாசியம் ஒரே வீச்சில் ரத்தத்தில் கொட்டி இதயம் நின்றுவிடும். பல் பிடுங்குவதற்கும் டான்சில் அறுவைக்கும்கூட அந்த அட்டையை முதலில் காட்டுங்கள்.