கேளுங்கள், சொல்கிறேன்: கசப்பில் தொடங்கும் சாப்பாடு

பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் எங்களை ஒரு பெரிய ஓட்டலுக்குக் கூட்டிப்போனான். வட இந்தியச் சாப்பாடும் பெங்காலிச் சாப்பாடும் கிடைக்கிற இடம். ஆசையாக பெங்காலி மீன் தாலி சொன்னான். முதலில் இருந்த கூட்டு கசந்தது, பருப்பு இனித்தது, மீன் குழம்பு மூக்கில் ஏறியது. வீட்டுக்காரர் பாதியில் கை கழுவிவிட்டார். பையன் முகம் வாடிப்போனது. பெங்காலிச் சாப்பாடே இப்படித்தானா, இல்லை அந்த ஓட்டல் சரியில்லையா?
*வாசகி, காரிமங்கலம்*

ஓட்டல் மேல் தப்பு இல்லை அம்மா. நீங்கள் சொன்ன மூன்றும் அப்படித்தான் இருக்க வேண்டும். சுக்தோ என்கிற அந்தக் கூட்டு கசக்காமலும், கடுகு மீன் குழம்பு மூக்கில் ஏறாமலும் வந்திருந்தால்தான் நான் அந்த ஓட்டலைக் குறை சொல்லியிருப்பேன்.

கிருஷ்ணகிரி பைபாஸ் பக்கம் நான் பதினெட்டு வருஷம் மெஸ் நடத்தினேன். ஒரு மழைக்காலத்தில், பக்கத்தில் கட்டட வேலைக்கு வந்த மேற்கு வங்கப் பையன்கள் ஆறு பேர் இரண்டு வேளையும் எங்களிடம்தான் சாப்பிட்டார்கள். மூன்றாவது வாரம் ஒரு பையன் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான். உடம்பு சரியில்லையோ என்று பக்கத்தில் போய்க் கேட்டேன். “எல்லாம் புளி, அம்மா” என்றான். சாம்பார், ரசம், மீன் குழம்பு, காரக் குழம்பு என்று நினைத்துப் பார்த்தேன். அவன் சொன்னது உண்மைதான். புளி விளைகிற சீமையில் பிறந்த நமக்கு அது தெரியவே தெரியாது. உங்கள் வீட்டுக்காரருக்குக் கசப்பும் இனிப்பும் எப்படியோ, அந்தப் பையனுக்கு நம் புளிப்பு அப்படி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்களிடம் அடுப்பைக் கொடுத்தேன். பாகற்காய், வாழைக்காய், கத்திரிக்காய், முருங்கைக்காய், முள்ளங்கி, பருப்பு வடகம் எல்லாம் போட்டு, இஞ்சியும் அரைத்த கடுகும் சேர்த்து, கடைசியில் கொஞ்சம் பால் ஊற்றி இறக்கினார்கள். அதுதான் சுக்தோ. அத்தனையும் நம் சந்தையில் கிடைக்கிற காய்தான். நான் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சோற்றில் ஊற்றப் போனேன். அந்தப் பையன் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தான். முதலில் கசப்பு, அதுவும் கொஞ்சம் சோற்றோடு மட்டும். அது தீர்ந்தபின் பருப்பும் ஒரு வறுவலும். அப்புறம் காய்கறி, பிறகு மீன், கறி இருந்தால் அதற்குப் பின்னால். முடிவில் தக்காளியோ மாங்காயோ போட்ட இனிப்புச் சட்னி, அப்பளம், தயிர், இனிப்பு. ஒன்று முடிந்துதான் இன்னொன்று. நாம் சாம்பார், ரசம், மோர் என்று போவதில்லையா, அதே மாதிரி ஒரு வரிசைதான், ஆரம்பிக்கிற இடம் மட்டும் வேறு. வேப்பம்பூ ரசம் வைக்கிற நமக்குக் கசப்பு அந்நியமும் இல்லை.

தாலியில் எல்லாக் கிண்ணமும் ஒரே நேரத்தில் வந்துவிடுகிறது, வரிசையைச் சொல்லித் தர ஆள் இல்லை. உங்கள் வீட்டில் நடந்ததும் அதுவாகத்தான் இருக்கும். கசப்புக் கூட்டுக்கு மேல் இனிப்புப் பருப்பு, அதற்கு மேல் கடுகு மீன் என்று கலந்தால் யாருக்கும் இறங்காது. பருப்பு இனித்தது சோளார் டாலாக இருக்கும். கடலைப்பருப்பில் தேங்காய்ப் பல்லும் கொஞ்சம் சர்க்கரையும் போடுவார்கள். அதைச் சோற்றில் ஊற்றாமல் லுச்சியோடு தொட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள். லுச்சி என்பது மைதாவில் சுடுகிற வெள்ளைப் பூரி.

மகனிடம் இன்னொரு தடவை கூட்டிப்போகச் சொல்லுங்கள். நீங்களே கேளுங்கள், அவனாகக் கேட்க இப்போது தயங்குவான்.

பெங்காலி ஓட்டல் பட்டியலில் பாதி வட இந்திய உணவு, பாதி பெங்காலி. நண்பர்கள் பட்டர் நான், பனீர் என்று வாங்கிவிடுகிறார்கள். பெங்காலிப் பக்கத்தில் எதைத் தொடங்கினால் பிடிக்கும்? முள் பயம் வேறு.
*வாசகர், ஓசூர்*

தம்பி, பட்டர் நான் ஓசூரிலேயே தெருவுக்கு ஒரு கடையில் கிடைக்கிறது. அவ்வளவு தூரம் போய் அதையே வாங்காதீர்கள்.

முள் பயம் இருந்தால் பேட்கி பாத்துரி கேளுங்கள். பேட்கி என்பது நம் கொடுவா மீன். முள் எடுத்த துண்டில் கடுகு அரைத்துத் தடவி, வாழையிலையில் கட்டி வேகவைப்பது. இலையைப் பிரிக்கும்போது வருகிற வாசனைக்கே காசு கொடுக்கலாம். சிங்ரி மலாய் கறி தேங்காய்ப்பாலில் செய்த இறால், நம் நாக்குக்கு முதல் நாளே ஒத்துவரும். இலிஷ், அதாவது உள்ளம் மீன், இரண்டாவது தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ருசிக்கு ஈடு கிடையாது, ஆனால் மயிர் போல முள். வாங்கினால் ‘பேட்டி’ என்று கேளுங்கள், அது வயிற்றுத் துண்டு. முதுகுத் துண்டில்தான் நுண்முள் அதிகம். கையால் சாப்பிடுங்கள், கரண்டிக்கு முள் தெரியாது. விலையையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கொல்கத்தா பிரியாணியில் ஒரு முழு உருளைக்கிழங்கு வரும். ஆள் ஏமாற்றுகிறான் என்று நினைக்க வேண்டாம். 1856-இல் ஆங்கிலேயர் அவத் நாட்டைப் பிடுங்கிக்கொண்ட பிறகு நவாப் வாஜித் அலி ஷா கொல்கத்தா மட்டியாபுருஜில் குடியேறினார். அவரோடு வந்த சமையல் அது. கறிக்குக் காசில்லாமல் கிழங்கு போட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. நவாபின் வழிவந்தவர்கள் அதை ஒப்புவதில்லை, அந்தக் காலத்தில் உருளைக்கிழங்கே அரிய பொருள் என்கிறார்கள். எனக்கு அவர்கள் சொல்வதுதான் சரியாகப் படுகிறது. அந்தக் கிழங்கைத் தின்று பார்த்தால் ஒப்புக்குப் போட்டதாகத் தெரியாது.

நாங்கள் சைவம். பெங்காலி ஓட்டலில் எங்களுக்கு என்ன இருக்கப்போகிறது?
*வாசகி, தருமபுரி*

நிறைய இருக்கிறது. கசகசா அரைத்த உருளைக்கிழங்கு ஆலு போஸ்தோ, வாழைப்பூவில் மோச்சார் கொண்டோ, கடலைப்பருப்பை அரைத்து வில்லை போட்டுக் குழம்பில் விடுகிற தோக்கார் டால்னா. கடைசியாகச் சொன்னதற்கு நம் பருப்பு உருண்டைக் குழம்பு தூரத்துச் சொந்தம். வெங்காயம், பூண்டு இல்லாமல் வேண்டுமென்றாலும் கேளுங்கள், அப்படிச் செய்கிறவை பல உண்டு.

அவை எப்படி வந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன். வங்கத்து இந்துக் குடும்பங்களில் கணவனை இழந்த பெண்களுக்கு மீன், கறி, வெங்காயம், பூண்டு, மசூர் பருப்பு எல்லாவற்றையும் விலக்கி வைத்தார்கள். பத்து, பன்னிரண்டு வயதில் விதவையான பிள்ளைகளுக்கும் அதே கட்டுப்பாடு. தனி அடுப்பில், காய்கறித் தோலையும் தண்டையும்கூட விடாமல் சமைத்து, இத்தனை ருசியைக் கொண்டுவந்தவர்கள் அவர்கள். பெங்காலிச் சைவச் சமையலில் பெரும்பங்கு அந்த அடுப்புகளில் பிறந்தது. வெள்ளைச் சேலையோடு கடைசிவரை இருந்த என் பெரியத்தையை நினைத்துக்கொண்டுதான் நான் மோச்சார் கொண்டோ சாப்பிடுவேன்.

ஒன்று கவனியுங்கள். சில காய்கறிப் பதார்த்தங்களிலும் பருப்பிலும் மீன் தலை சேர்ப்பது அங்கே வழக்கம். மீன் இல்லாததுதானா என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டுவிடுங்கள்.

பில்லில் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் போட்டிருந்தார்கள். கட்டத்தான் வேண்டுமா?
*வாசகர், பாலக்கோடு*

வேண்டாம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே ஓட்டல்கள் அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. மரியாதையாக எடுக்கச் சொல்லுங்கள், மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். ஜி.எஸ்.டி. வேறு, அதைக் கட்ட வேண்டும். பரிமாறிய பையனுக்கு மனசாரக் கொடுப்பதை அவன் கையிலேயே கொடுங்கள்.

கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணை மீனில் வீட்டிலேயே பெங்காலிக் குழம்பு வைக்க முடியுமா?
*வாசகி, காவேரிப்பட்டணம்*

இதைவிடப் பொருத்தமான மீன் கிடையாது. அணையில் கிடைக்கிற கட்லாவும் ரோகுவும் கங்கை ஆற்று மீன்கள். வங்காளத்தில் தினமும் குழம்பில் போடுவதும் இவைதான். ஆறு ஓடினால்தான் முட்டையிடுகிற இந்த ஜாதியை, 1957 ஜூலை 10-ஆம் தேதி ஒடிசாவில் மீன் விஞ்ஞானிகள் ஹீராலால் சௌத்ரியும் அலிகுஞ்ஞியும் ஊசி போட்டு முட்டையிட வைத்துக் காட்டினார்கள். அதன்பின்தான் நாடு முழுக்க ஏரிக்கும் அணைக்கும் குஞ்சு தாராளமாகக் கிடைத்தது.

அரைக் கிலோ கட்லாவுக்கு இரண்டு மேசைக்கரண்டி கடுகு. கால் மணி நேரம் ஊறவைத்து, இரண்டு பச்சை மிளகாயும் உப்பும் சேர்த்து விட்டுவிட்டு அரையுங்கள். மிக்ஸியை நிறுத்தாமல் ஓட்டினால் சூடேறிக் கசந்துவிடும். ஆவக்காய் போடுகிற தெலுங்கு வீட்டுக்காரர்கள் உங்கள் தெருவில் இருந்தால் கடுகுப் பக்குவத்தை அவர்களிடம் கேளுங்கள், நன்றாகத் தெரியும். கடுகெண்ணெயைப் புகை வரும்வரை காய்ச்சி, கொஞ்சம் ஆறவிட்டு, மஞ்சள் உப்பு தடவிய மீனை லேசாகப் பொரித்து எடுங்கள். அதே எண்ணெயில் கருஞ்சீரகம், கீறிய மிளகாய், அரைத்த கடுகு, மஞ்சள், ஒரு டம்ளர் தண்ணீர். கொதித்ததும் மீனைப் போட்டு ஏழெட்டு நிமிடம். புளி வேண்டாம், கை தானாகப் போகும், பிடித்துக்கொள்ளுங்கள். இறக்கியபின் ஒரு கரண்டி பச்சைக் கடுகெண்ணெயை மேலே ஊற்றி மூடி, சோறு வடிக்கிற வரைக்கும் அப்படியே விடுங்கள்.