பலகை விளையாட்டு செய்யச் சொன்னால் பிள்ளைகள் தேடவும் எழுதவும் கற்றுக்கொள்வார்களா?

கட்டுரை எழுதச் சொன்னால் இணையத்தில் இருப்பதை அப்படியே பார்த்து எழுதும் பிள்ளைகளுக்கு, பலகை விளையாட்டு உருவாக்கச் சொல்வது உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கண்டிப்பாக உதவும். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மாலை வகுப்புக்கு வரும் ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளோடு இதைச் செய்துவருகிறேன். எங்கள் தலைப்பு ரப்பர் தோட்டம்.

கட்டுரையில் 'மழை பெய்தால் ரப்பர் மரத்தில் பால் வெட்ட மாட்டார்கள்' என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடலாம். விளையாட்டில் முடியாது. மழை அட்டை எடுத்தவருக்கு என்ன நஷ்டம் என்று முடிவு செய்தாக வேண்டுமே! அதற்காகப் பிள்ளைகள் பால் வெட்டிய பாட்டி ஒருவரிடம் போய் உட்கார்ந்தார்கள். பட்டை ஈரமாக இருந்தால் பால் வெட்டுக்கோட்டில் இறங்காமல் மரமெல்லாம் வழிந்துவிடும், அதனால் அன்றைக்கு வெட்டு இல்லை என்றார். வெட்டி முடித்த பிறகு மழை பிடித்தால் கதை வேறு, மங்கில், அதாவது மரத்தில் பால் சேரும் கிண்ணத்தில், இருக்கிற பாலும் தண்ணீரோடு போய்விடும். உடனே ஒரு மழை அட்டை இரண்டானது: 'விடியற்காலை மழை, ஒரு முறை ஆட்டம் இல்லை', 'வெட்டிய பின் மழை, சேர்த்த பால் போனது'. இப்படிக் காரணம் தேடிப் போவதைத்தான் நான் ஆய்வு என்பேன்.

ஒவ்வோர் அட்டையின் பின்பக்கமும் அந்தத் தகவல் எங்கே கிடைத்தது, யார் சொன்னது என்று எழுத வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். மலாயாவுக்கு ரப்பர் வந்த ஆண்டு 1876 என்று ஒரு பிள்ளை, 1877 என்று இன்னொரு பிள்ளை. இரண்டு அட்டைகளையும் திருப்பிப் பார்த்தபோதுதான் தெளிவானது: ஹென்றி விக்ஹம் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ பூங்காவுக்கு விதை கொண்டுபோனது 1876, கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து, அவற்றில் சில எங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள கோலகங்சாரில் நடப்பட்டது 1877. இரண்டுமே பலகையில் ஏறின.

அப்புறம் விதித்தாள். எழுத்துப் பயிற்சி முழுவதும் இதில்தான் இருக்கிறது. விதிகளை ஒரே பக்கத்தில் எழுதி வேறு குழுவிடம் கொடுத்து விளையாடச் சொல்லுங்கள். எழுதியவர்கள் பக்கத்திலேயே இருக்கலாம், வாய் திறக்கக் கூடாது. 'ஆறு விழுந்தால் மறுபடி போடலாம்' என்று எழுதியிருந்தார்கள். மறுபடியும் ஆறு விழுந்தால்? ஆட்டம் நின்றுபோனது. எழுதிய பிள்ளை துடித்துப்போய், தானே தாளை வாங்கி அந்த வாக்கியத்தைத் திருத்தினாள். சிவப்பு மையால் நான் எத்தனை கோடு போட்டாலும் அந்த வேகம் வராது.

பலகைக்கு மணிலா அட்டை போதும். பரமபதம் மாதிரி தெரிந்த அமைப்பிலேயே தொடங்குங்கள். விதித்தாள் முடிகிறவரை வண்ணப் பென்சிலைக் கையில் கொடுக்காதீர்கள், பொழுது முழுவதும் அதிலேயே போய்விடும். மூன்றாம் ஆண்டுக்குக் கீழே என்றால் விதித்தாளை நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள். அட்டைக்கு இரண்டு வரி வீதம் அவர்கள் எழுதினால் போதும்.