தூண்டில் கேள்வி-பதில்: பெரிய கெவாங்குக்கு ஈயம் எங்கே சேர்ப்பது?

கேள்வி: கனடாவில் இருக்கும் என் அண்ணன் மகன், அங்கே மஸ்கி என்னும் பெரிய வேட்டை மீனுக்கு இழுக்கும் மரக் கெவாங் (மீன் வடிவப் போலி இரை) இரண்டைக் கொண்டுவந்து கொடுத்தான். இரண்டும் 23 சென்டிமீட்டர் நீளம்; ஒன்றுக்கு முன்புறம் நாக்குத் தகடு உண்டு, மற்றொன்றுக்கு இல்லை. பேராக்கின் செண்டரோ ஏரியில் தோமானுக்கு (பெரிய விரால் இன மீன்) இழுத்தால் இரண்டுமே மேல்மட்டத்திலேயே வருகின்றன. ஈயம் சேர்த்தால் ஆழத்தில் ஓடுமா?
— தோட்டத்து வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: நாக்குத் தகடு உள்ளதன் ஆழத்தை முதலில் தீர்மானிப்பவை அந்தத் தகட்டின் நீளமும் சாய்வும், அடுத்ததாகத் தங்கள் நூலின் பருமனுமே ஆகும். தடித்த நூல் நீரில் அதிக இழுவையைத் தாங்கிக் கெவாங்கை மேலே தூக்குவதால், அதே பலமுள்ள மெல்லிய பின்னல் நூலுக்கு மாறி, இன்னும் சற்று நீளமாக விட்டு இழுத்துப் பார்த்த பிறகே ஈயத்தைத் தொடுங்கள்.

தகடு இல்லாததற்கு எடைதான் எல்லாம். துளையிடும் முன், மெல்லிய ஈயத் தகட்டைத் துண்டுகளாக நறுக்கி, வயிற்றுப் பக்கத்தில், முன் கொக்கிக்குச் சற்றுப் பின்னால் மின்கம்பி நாடாவால் சுற்றிக் கட்டி, கொக்கிகளும் கம்பித் தொடுப்பும் மாட்டிய நிலையிலேயே தண்ணீர் பீப்பாயில் விட்டுப் பாருங்கள். மூக்குப் பக்கம் எடை கூடினால் தலைகுப்புறப் பாயும். வால் பக்கம் கூடினால் மூக்கு நிமிர்ந்து ஆட்டமே செத்துவிடும். முதுகை நோக்கி எடை ஏறினால் கெவாங் பக்கவாட்டில் சாய்ந்துவிடும். அளவைவிட இடம் முக்கியம் என்பதை நான் ஒரு நல்ல கெவாங்கைக் கெடுத்துத்தான் தெரிந்துகொண்டேன்: அவசரத்தில் வாலருகே துளையிட்டேன், அது பிறகு விறகுக்கட்டையைப் போலத்தான் வந்தது.

இடம் உறுதியானதும், கொக்கி வளையத்தின் திருகாணியில் படாதவாறு நடுக்கோட்டில் துளையிடுங்கள். 6 மில்லிமீட்டர் விட்டமும் 10 மில்லிமீட்டர் ஆழமும் உள்ள துளையை ஈயம் முழுமையாக நிரப்பினால் ஏறத்தாழ 3 கிராம் கூடும். துளையின் வாயை எபோக்சிப் பசையால் அடைத்து, நன்கு இறுகிய பிறகு மீண்டும் பீப்பாயில் விடுங்கள். துளையோரத்தில் சிறு குமிழிகள் தொடர்ந்து கிளம்பினால் அடைப்பு சரியில்லை, மரம் நீர் குடித்து ஊதிவிடும்.

அண்ணன் மகன் கனடா அனுபவத்தில் கிராம் கணக்கு ஏதும் சொன்னால், அதை அப்படியே பின்பற்ற வேண்டாம். அங்குள்ளதைப் போன்ற குளிர்ந்த 10 பாகை செல்சியஸ் நீரைவிட இங்குள்ள 30 பாகை நீரின் அடர்த்தி ஏறத்தாழ 0.4 விழுக்காடு குறைவு என்பதால், அங்கே மிதக்காமலும் மூழ்காமலும் நீருக்குள் அந்தரத்தில் நிற்கும்படி அமைத்த 100 கிராம் கெவாங், இங்கே கிட்டத்தட்ட அரை கிராம் கூடுதல் எடை ஏற்றியதைப் போல மெல்ல மூழ்கும். கடைசிக் கிராமை ஏரிக்கரையிலேயே சேர்ப்பது நல்லது.

இன்னொன்று: தோமான் மூச்சுக்காக மேலே வரும் மீன், குஞ்சுகளைக் காக்கும்போது மேல்மட்டத்தை விட்டு அதிகம் விலகாது. அப்போது ஈயம் சேர்க்காத கெவாங்தான் உதவும் என்பதால், இரண்டையும் துளைத்துவிடாமல் ஒன்றையாவது அப்படியே வைத்திருங்கள்.

கேள்வி: ஈயத்தை வீட்டிலேயே உருக்கித் துளையில் ஊற்றலாமா?
— அதே வாசகர்

பதில்: வேண்டாம். ஈயப்புகை நஞ்சு, மரத்தில் ஈரம் இருந்தால் உருகிய ஈயம் தெறித்து முகத்தில் விழும். தூண்டில் கடையில் கிடைக்கும் ஈயக்குண்டுகளைத் துளையில் அடுக்கி எபோக்சியை ஊற்றினால் போதும். குண்டுகளுக்கிடையே இடைவெளி இருப்பதால் எடை சற்றுக் குறையும், துளையைக் கொஞ்சம் ஆழமாக்கிக் கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவிய பிறகே சாப்பாட்டில் கைவையுங்கள்.