குழாயடியில் ஒரு டம்ளர் வையுங்கள், டீச்சர்

கேள்வி: சென்னைப் புறநகரில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு ஆசிரியை நான். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தையொட்டி, தண்ணீர் எப்படி வருகிறது, எப்படிச் சிக்கனமாகச் செலவழிப்பது என்று நான்கு வகுப்புகள் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு நிறுவனம் இலவசமாக விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்தி, சான்றிதழும் தருவதாகச் சொல்கிறது. அவர்களிடமே விட்டுவிடலாமா? நானே எடுப்பதென்றால் எங்கே தொடங்குவது?

பதில்: முதலில் அந்த நிறுவனம் என்ன விற்கிறது என்று விசாரித்தீர்களா, டீச்சர்? தண்ணீரிலிருந்து உப்பை வடிகட்டி எடுக்கும் ஆர்.ஓ. மெஷின் என்றால் வாசலிலேயே ஒரு கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். குடிநீர்ப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்த வித்தையைப் பல பள்ளிகளில் பார்த்தாயிற்று.

மேஜையில் இரண்டு கண்ணாடி டம்ளர் வைப்பார்கள். ஒன்றில் உங்கள் பள்ளிக் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவர்கள் மெஷின் தண்ணீர். கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கருவியை இரண்டிலும் இறக்கி பிளக்கைச் செருகுவார்கள். இரண்டே நிமிடத்தில் குழாய்த் தண்ணீர் மஞ்சளாகி, பழுப்பாகி, மேலே கரும்பச்சையாக ஆடை கட்டும். மெஷின் தண்ணீர் அப்படியே பளிச்சென்று இருக்கும். "இதைத்தான் தினமும் குடிக்கிறீர்கள்" என்றதும் பிள்ளைகள் அலறும். ஒரு பள்ளியில் ஒரு சிறுமி தன் பாட்டில் தண்ணீர் முழுவதையும் வராந்தாவிலேயே கொட்டிவிட்டாள். அன்றைய தலைப்பு தண்ணீர் சிக்கனம்!

அந்த அழுக்கு தண்ணீரில் இருந்ததல்ல, கம்பியிலிருந்து வந்தது. கம்பி இரும்பு. தண்ணீரில் உப்பு இருந்தால் மின்சாரம் பாயும், இரும்பு கரைந்து துருவாக மிதக்கும். மெஷின் தண்ணீரில் உப்பு அநேகமாக இல்லை, அதனால் ஒன்றும் நடக்காது. நம்பிக்கையில்லையா? அவர்கள் டம்ளரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள். அதுவும் சாக்கடை நிறத்துக்கு வரும்.

பேனா மாதிரி ஒரு டி.டி.எஸ். மீட்டரையும் நீட்டுவார்கள். அது கரைந்திருக்கும் உப்பைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது. லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் 2000 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். இவர்களோ 350 என்று காட்டிவிட்டு, பிள்ளைக்குக் காய்ச்சல் 104 என்பது போல முகத்தை வைத்துக்கொள்வார்கள். வீட்டு ஆர்.ஓ. மெஷின்களில் பெரும்பாலானவை உள்ளே போகும் தண்ணீரில் பாதிக்கு மேல் கழிவாக வெளியே தள்ளுபவை. இதைச் சொல்ல மாட்டார்கள்.

ஒரு விலக்கு உண்டு, அதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் போர் தண்ணீரில், அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில், ஃப்ளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய தண்ணீரை வருடக்கணக்கில் குடித்தால் பிள்ளைகளின் பல்லில் காவிக்கறை விழும், போகப்போக எலும்பும் கெடும். நிறத்திலோ வாசனையிலோ ருசியிலோ பிடிபடாது. டி.டி.எஸ். மீட்டரும் காட்டிக்கொடுக்காது. கொதிக்க வைத்தால் தண்ணீர் வற்றி ஃப்ளோரைடு இன்னும் செறிவாகும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். அந்தப் பக்கத்துப் பள்ளி என்றால் போர் தண்ணீரை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பரிசோதித்த பிறகுதான் குடிக்கக் கொடுக்க வேண்டும். ஆர்.ஓ. ஃப்ளோரைடையும் நீக்கும் என்பதால், அங்கே அதை நான் கேலி செய்ய மாட்டேன். சென்னைப் பக்கம் இந்தக் கவலை பொதுவாகக் குறைவு.

சரி, பாடத்துக்கு வருவோம். "பல் தேய்க்கும்போது குழாயை மூடு" என்று தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள். ஒன்றுவிட்டு ஒருநாள் தண்ணீர் வரும் தெருவில், அரிசி களைந்த தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றும் வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு நாம் சிக்கனம் சொல்லித் தருவதா? அவர்களுக்குத் தெரியாதது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது. கேட்டுப் பாருங்கள், "டேங்கிலிருந்து" என்பார்கள். டேங்குக்கு? சம்பிலிருந்து. சம்புக்கு? லாரியா, போரா, தெருக் குழாயா? வகுப்பறையில் உட்கார வைக்காமல் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். அங்கிருந்து பூண்டி, செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள், கடலூர் மாவட்டத்து வீராணம், ஆந்திராவிலிருந்து வரும் கிருஷ்ணா நீர், மீஞ்சூர், நெம்மேலியில் உப்பு நீக்கிய கடல்நீர் என்று வரைபடத்தில் கோடு இழுக்கலாம். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததைச் சொன்னால் கதை கேட்பது போலக் கேட்பார்கள்.

அடுத்தது டம்ளர். ஒழுகும் குழாய் இல்லாத பள்ளியை நான் பார்த்ததில்லை. அதன் அடியில் 200 மில்லி டம்ளரை வைத்து, பத்து நிமிடத்தில் எவ்வளவு சேர்கிறது என்று பிள்ளைகளே அளக்கட்டும். ஒரு நாளுக்கு 144 பத்து நிமிடங்கள். டம்ளர் நிறைந்தால் நாளைக்குக் கிட்டத்தட்ட 29 லிட்டர், ஏறக்குறைய இரண்டு குடம். அப்புறம் மேலே டேங்க் நிரம்பி வழிவதையும் பாருங்கள். மோட்டாரைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவது எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

மழைநீர்க் கணக்கு சுலபம். ஆயிரம் சதுர அடி மாடி, சென்னையில் வருடத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. வீணாவது போக ஒரு லட்சம் லிட்டராவது மிஞ்சும். ஆனால் உங்கள் மாடிக் குழாய் எங்கே போய் முடிகிறது என்று முதலில் பாருங்கள். 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது ஒரு கட்டடத்துக்கு ஆய்வுக்குப் போனேன். பைப் அழகாக மண்ணுக்குள் இறங்கியது. தோண்டிப் பார்த்தால் குழியும் இல்லை, ஜல்லியும் இல்லை. ஆனால் ஃபைலில் போட்டோ இருந்தது. இப்போதும் மேலிடத்துக்கு வேண்டியது அந்தப் போட்டோதான். உங்களிடமும் கேட்பார்கள். கோஷ அட்டையோடு ஒன்று எடுத்து அனுப்பிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.

நான்காவது வகுப்பில் பிளம்பரைக் கூப்பிட்டு, பிள்ளைகள் முன்னால் வாஷரை மாற்றச் சொல்லுங்கள். சில ரூபாய் விஷயம். இதற்கு ஒப்புதல் கேட்டுக் கடிதம் எழுதினால் அடுத்த மார்ச் வந்துவிடும், எழுதாதீர்கள். மாற்றியபின் அதே டம்ளரை அதே குழாயடியில் பத்து நிமிடம் வைத்து, புது அளவை முதல் அளவுக்குப் பக்கத்திலேயே கரும்பலகையில் எழுதச் சொல்லுங்கள்.